இருபத்து மூன்றாம் எண் முத்திரை

போன ஆடி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேற்பார்வையாளர் மகேஸ்வரன் ரீபாவைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அந்த அறைக் கதவை யாரும் சாத்தி ரீபா பார்த்ததில்லை.

மேசையில் ஒரு படம் கிடந்தது. பெங்களூரிலிருந்து வாடிக்கையாளர் நிறுவனம் அனுப்பியது. கம்பிகள் வந்து சேரும் வட்டமான ஒரு கனெக்டரின் பின்பக்கம். முப்பத்தேழு துளைகளில் முப்பத்தாறு கம்பிகள் ஒரே மட்டத்தில் நுழைந்திருந்தன. ஒன்று மட்டும் ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே வந்திருந்தது.

"விமானத்துல மாட்டும்போது ஃபிட்டர் கையில பட்டிருக்கு. கம்பி நுனிப் பின்னு பூட்டாம சும்மா உக்காந்திருந்திருக்கு" என்ற மகேஸ்வரன் சோதனைத் தாளின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். "தாள்ல உன் முத்திரைம்மா. இருபத்து மூணு. ஜூலை பதினொண்ணாம் தேதி."

"பதினொண்ணாந் தேதி நான் இங்கன இல்லியே சார். திசையன்விளையில எங்க வீட்டுக்காரரு அக்கா மகளுக்கு நிச்சயம். லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான போனேன்."

"அதான் நானும் சொல்லுதேன். பத்தாம் தேதின்னு போட வேண்டியதப் பதினொண்ணுன்னு போட்டிருப்ப. கை தவறிருச்சின்னு ஒரு வரி எழுதிக் குடு. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிரும். நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பேனாவை எடுத்து நீட்டினார். ரீபா வாங்கவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். பத்து வருஷத்தில் மகேஸ்வரன் தனக்காக இவ்வளவு கரிசனப்பட்டதில்லையே என்ற எண்ணம் கதவைத் தாண்டும்போதே வந்துவிட்டது.

ரீபா எங்கள் எதிர்வீட்டுக்காரி. பாளையங்கோட்டையில் பௌதிகம் படித்தவள். ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒன்பது வருஷம் உதவியாளராக இருந்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல் நாங்குநேரிப் பக்கம் இருக்கும் இந்தத் தொழிற்சாலையில் பரிசோதகராகச் சேர்ந்தாள். கணவர் வேதநாயகம் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பிளேனுக்கு வயர் கட்டவா இம்புட்டுப் படிப்பு?" என்று நான் கேட்டுவிட்டேன். அவள் கோபப்படாமல் உட்கார்ந்து விளக்கினாள்.

விமானத்துக்குள் ஆயிரக்கணக்கான கம்பிகள் ஓடுகின்றன. தனித்தனியாக விட்டால் அதிர்விலும் உரசலிலும் தோல் கிழிந்துவிடும். அதனால் எந்தக் கம்பி எங்கே பிரிய வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்று முழு அளவில் வரைந்த பலகையின் மேல் அவற்றைப் பரப்பி, கிளை கிளையாகச் சேர்த்துக் கட்டி, ஒரே கற்றையாக்கி விமானத்தில் பொருத்துகிறார்கள். அந்தக் கற்றைக்குப் பெயர் ஹார்னஸ். ஒவ்வொரு கம்பியின் மேலும் அதன் எண் அச்சடித்திருக்கும். கம்பியின் நுனியை ஈயப் பற்றாசு உருக்கி ஒட்டுவதில்லை. சின்னக் குழல் மாதிரி இருக்கும் பின்னுக்குள் நுனியை விட்டு, அளவு பார்த்த கருவியால் நான்கு பக்கமும் நசுக்கிப் பிடிக்க வைப்பார்கள். அதுதான் கிரிம்ப். பின்னை கனெக்டரின் துளைக்குள் பின்பக்கமாகத் தள்ளும்போது உள்ளே ஒரு சின்ன உலோக நாக்கு அதைப் பூட்டும். 'கிளிக்' என்று கேட்கும். கேட்டபிறகும் கம்பியை மெதுவாக ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

"அந்த இழுப்புதான் எங்க வேல. மெஷின்ல வச்சா கரண்டு போகும், பச்ச லைட்டு எரியும். பின்னு பூட்டாம சும்மா தொட்டுக்கிட்டு இருந்தாலும் எரியும். அத மெஷின் சொல்லாது, கைதான் சொல்லும்" என்றாள்.

இழுத்துப் பார்த்தவர் தாளில் தன் முத்திரையைக் குத்துவார். ஆளுக்கு ஓர் எண். ஒருவர் முத்திரையை இன்னொருவர் தொடக் கூடாது. ரீபா தன்னுடையதை ஒரு தகரப் பெட்டியில் போட்டு லாக்கருக்குள் பூட்டி வைப்பாள். சாவி கழுத்துச் சங்கிலியில் கிடக்கும்.

இன்னொரு சாவி இசக்கியம்மாவிடம் இருந்தது.

இசக்கியம்மா நாங்குநேரிக்குப் பக்கத்து ஊர்க்காரி. ரீபாவைவிட எட்டு வயது இளையவள். பின் நசுக்குவதிலும் பூட்டுவதிலும் அந்தக் கூடத்தில் அவளுக்கு இணை கிடையாது. ஒருமுறை ரீபா சாவியைத் தொலைத்துவிட்டு அரை நாள் தவித்தபோது, இனி அப்படி ஆகக் கூடாது என்று இரண்டாவது சாவியை அவளிடம்தான் கொடுத்து வைத்தாள். படத்தில் இருந்த கனெக்டரும் இசக்கியம்மாவின் கைவேலை. தாளில் அவள் பெயர் இருந்தது.

தன்னுடைய வேலை தடையில்லாமல் போக வேண்டும் என்று அவளே பெட்டியைத் திறந்து குத்தியிருப்பாளோ?

இந்த எண்ணம் ஒருமுறை வந்ததும் மற்றவையெல்லாம் அதற்கு ஏற்றாற்போலத் தெரியத் தொடங்கின. அன்று மத்தியானம் இசக்கியம்மா சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காராமல் வேறு பெண்களோடு போய் உட்கார்ந்தாள். ரீபா தண்ணீர் பிடிக்கப் போனபோது அந்த மேசையில் பேச்சு நின்றது. சாயங்காலம் கம்பெனி வேனில் இசக்கியம்மா, ரீபா வழக்கமாக உட்காரும் இடத்தில் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நாங்குநேரியில் இறங்கும்போது "வாரேங்கா" என்று சொல்லவில்லை. ரீபா இதையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

வீட்டில் வேதநாயகத்திடம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"லீவு போடுததுக்கு முன்னால வெறுங் காயிதத்துல எதுவும் குத்திக் குடுத்துட்டு வந்தியா?"

"நீங்களுமா?"

"இல்ல, அவசரத்துல... நமக்கும் கெளம்புத அவசரம் இருந்துச்சுல்லா. அதான் கேட்டேன்."

ரீபா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பதினாறு வருஷம் கூட இருந்தவருக்கே சந்தேகம் வந்தால் மற்றவர்களைச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் கை கழுவும் இடத்தில் இசக்கியம்மாவைத் தனியாகப் பிடித்தாள்.

"ஏளா இசக்கி, நான் ஊருக்குப் போயிருந்த அன்னிக்கு எம் பெட்டியத் தொறந்தியா?"

இசக்கியம்மா கையைத் துடைக்காமலே நின்றாள். ஈரம் சொட்டியது.

"என்னக் கேக்கியளாக்கா?"

"உங்கிட்டதான சாவி இருக்கு."

"கிளிக்குன்னு சத்தம் கேக்காம நான் ஒரு பின்ன விட்டிருக்கேனா? பத்து வருசமா நீங்கதான இழுத்துப் பாக்கிய. ஒண்ணு வந்திருக்கா? நீங்க வெறுந் தாள்ல குத்திக் குடுத்துட்டுப் போயிட்டியன்னு சரக்கு அனுப்பும் பிரிவுல எல்லாரும் சொல்லுதாவ. இப்பப் பழிய எம் பேர்ல போடப் போறியன்னும் சொன்னாவ. நான் நம்பல. எங்க ரீபாக்கா அப்படிச் செய்ய மாட்டாவன்னுதான் சொன்னேன்."

அவள் இடுப்புப் பர்ஸிலிருந்து சாவியை எடுத்தாள். ரீபாவின் கையில் கொடுக்கவில்லை. கழுவுதொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ரீபாவுக்கு அப்போதும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. அதை அவளே பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டாள். குற்றம் செய்தவர்களும் அப்படிப் பேசுவார்கள்தானே என்றுதான் தோன்றியதாம். ஆனால் ஒன்று உறைத்தது. மகேஸ்வரன் அவளிடம் பேசியது செவ்வாய்க்கிழமைதான், அதுவும் சாத்திய கதவுக்குள். புதன்கிழமைக்குள் அனுப்பும் பிரிவு முழுக்கக் கதை பரவியிருந்தது. அதுவும் முந்தின நாள் மத்தியானமே சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றிருக்கிறது.

மகேஸ்வரனிடம் போய், எழுதிக் கொடுக்கும் முன்னால், பெங்களூரிலிருந்து திரும்பி வந்திருந்த ஹார்னஸைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் முகம் மாறியது. "அதுல என்னத்தப் பாக்கப் போற?" என்றார். பரிசோதகர் கேட்டால் மறுக்க விதியில்லை. கடைசியில் சரி என்றார்.

திரும்பி வந்த சரக்கையும் அதன் தாள்களையும் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்துக் காப்பவர் ஸ்டோர்க்காரர் தேவமணி. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. எதிலும் தலையிடாதவர். கூண்டைத் திறந்துவிட்டு, "பாத்துக்கிடுங்கம்மா. வெளிய மட்டும் எடுத்துட்டுப் போயிராதிய" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ரீபா கனெக்டரை உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். வெளியே வந்திருந்த பின்னை முதலில் பார்த்தாள். கிரிம்பில் குறையே இல்லை. குழலின் சின்ன ஓட்டை வழியாக உள்ளே செம்பு இழைகள் தெரிந்தன. கம்பியின் தோலுக்கும் குழலுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி சரியாக இருந்தது. இழை ஒன்றுகூட அறுபடவில்லை. இசக்கியம்மாவின் வேலைதான்.

பிறகு கட்டுகளைப் பார்த்தாள். ஹார்னஸை மெழுகு தடவிய தட்டை நூலால் சில அங்குலத்துக்கு ஒரு கட்டு என்று கட்டிக்கொண்டே போவார்கள். கட்டுப் போட்டபின் மேலே ஒரு முடிச்சு. முடிச்சின் இரண்டு சுற்றும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். அப்போதுதான் அவிழாது. நாற்பது கட்டுகளில் முப்பத்தேழு அப்படித்தான் இருந்தன. கனெக்டரை ஒட்டிய கடைசி மூன்றில் இரண்டு சுற்றும் ஒரே பக்கம் போயிருந்தன. ஷூ நாடா கட்டுகிற மாதிரி. நூலும் வேறு சுருளிலிருந்து வந்தது, நிறம் கொஞ்சம் வெளுப்பு.

யாரோ இந்த இடத்தை வெட்டிப் பிரித்து, பின்னை வெளியே எடுத்து, மறுபடி நுழைத்துக் கட்டியிருக்கிறார்கள். இசக்கியம்மா முடித்த பிறகு. ரீபா சோதித்த பிறகு.

தாள்களைப் புரட்டினாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் அவளுடைய முத்திரை, ஜூலை பத்து. அடுத்து, கடைசிப் பக்கத்தில் இன்னொரு இருபத்து மூன்று, ஜூலை பதினொன்று. செவ்வாய்க்கிழமை மகேஸ்வரன் காட்டியது இந்தக் கடைசிப் பக்கம் மட்டும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இப்போதுதான் பார்க்கிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே தன் முத்திரையைக் கீழே போட்டதில், வட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. எங்கே குத்தினாலும் அந்த இடத்தில் கோடு அறுபட்டிருக்கும். பத்தாம் தேதி முத்திரையில் அறுந்திருந்தது. பதினொன்றாம் தேதி முத்திரையில் வட்டம் முழுசாக இருந்தது.

அப்படியென்றால் பெட்டியை யாருமே திறக்கவில்லை.

முதலில் மூச்சு வந்தது. அடுத்த நொடியே, சாவியைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுப் போன இசக்கியம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்கும் பின்னால் பயம் வந்தது. தன் எண்ணில் இன்னொரு முத்திரை இந்தக் கட்டடத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. எத்தனை தாள்களில் விழுந்திருக்கிறதோ. தேவமணி முதுகைத் திருப்பியபடியே இருந்தார். ரீபா கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டாள். தொழிற்சாலைக்குள் படமெடுக்கக் கூடாது. அந்த விதியை அவள் மீறியது அன்று ஒருநாள்தான்.

சனிக்கிழமை வண்ணார்பேட்டைக்குப் போனாள். தொழிற்சாலை எழுதுபொருள்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும் என்பது தெரியும். பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டி வரிசையாக முத்திரைக் கடைகள். முதல் இரண்டு கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது கடை தாஜ் முகம்மதுவுடையது. ரீபா தாளில் குத்திய முத்திரையைக் காட்டி, "இதே மாதிரி ஒண்ணு வேணும் அண்ணாச்சி" என்றாள்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"இத நான்தானம்மா செஞ்சு குடுத்தேன். சித்திர மாசம். இது மட்டுமில்ல, பதினோரு நம்பரு ஒண்ணாக் கேட்டாவ. அதுக்குள்ளயா தேஞ்சிருச்சு?"

"யாரு வந்து கேட்டாவ?"

தாஜ் முகம்மதுவின் முகம் இறுகியது. "நீங்க யாரும்மா? கம்பெனி ஆளுன்னா உங்களுக்கே தெரியுமே. எதுக்கு வெசாரிக்கிய?"

ரீபாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. நின்ற நிலையிலேயே சொன்னாள். "விமானத்துக்கு வயர் கட்டுத எடத்துல வேல பாக்கேன் அண்ணாச்சி. சரியா இருக்குன்னு பாத்துட்டுத்தான் இத குத்தணும். நான் பாக்காத ஒண்ணுல என் நம்பரு விழுந்திருக்கு. அதுல ஒரு வயரு கழண்டுட்டு."

அவர் கைப்பேசியை எடுத்து, பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போய் நிறுத்தி, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாத்துக்கிடுங்க. எம் மவன் வருசத்துக்கு ரெண்டு தடவ துபாய்லேருந்து பிளேன்ல வாரான்."

பதினோரு முத்திரைகளின் படம். கீழே, 'பழையவை தேய்ந்துவிட்டன, இதே அளவில் வேண்டும்' என்று எழுதியிருந்தது. அனுப்பிய எண் ரீபாவின் கைப்பேசியிலும் பதிவாகியிருந்த எண்தான். மகேஸ்வரன் சார்.

வீட்டுக்கு வந்தபின் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். மகேஸ்வரன் மட்டும்தானா, அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் தெரியுமா? பொது மேலாளரிடம் சொன்னால் அடுத்த நிமிஷமே மகேஸ்வரனுக்குப் போய்விடுமா? தேவமணி முதுகைத் திருப்பி உட்கார்ந்தது தெரிந்தா, தெரியாமலா? மற்ற பத்துப் பரிசோதகர்களில் யாராவது சம்மதித்துத்தான் எண்ணைக் கொடுத்தார்களோ? நினைக்க நினைக்க அந்தக் கூடத்தில் அவள் நம்புவதற்கு ஆளே மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன் பெங்களூர் நிறுவனத்தின் தரப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினாள். படங்களைச் சேர்த்தாள். ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று வேதநாயகத்திடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"வேல போயிரும் ரீபா."

"போகட்டும்."

"சரி, அனுப்பு" என்றார். பிறகு, "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மகேஸ்வரன் தினமும் "எழுதிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் "எழுதுதேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தபோதெல்லாம் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தாள். சிரிக்காதபோதும் அதையேதான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை முன்னறிவிப்பில்லாமல் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். நேராக அனுப்பும் பிரிவுக்குப் போய் மேசை இழுப்பறைகளைத் திறக்கச் சொன்னார்கள். மூன்றாவது இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பதினோரு முத்திரைகளும் இருந்தன.

மகேஸ்வரன் மறைக்கவில்லை. வரைபடத்தில் கடைசி நேரத்தில் மாற்றம் வரும்; இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் போதும்; அதற்காகப் பரிசோதகர் வரும்வரை சரக்கை நிறுத்தினால் அங்கே விமானம் நிற்கும் என்றார். அனுப்பும் பிரிவிலேயே மாற்றி, மெஷினில் வைத்துப் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் குத்தினோம் என்றார். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கம்பியை இழுத்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

சித்திரையிலிருந்து போன ஹார்னஸ்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. விமானத்தில் ஏற்கெனவே பொருத்தியவற்றை அங்கேயே போய்ச் சோதித்தார்கள். ரீபாவும் மற்றவர்களும் ஆறு வாரம் ஒவ்வொரு பின்னாக இழுத்துப் பார்த்தார்கள். பூட்டாத பின்கள் இன்னும் மூன்று கிடைத்தன. அவற்றை மாட்டிய விமானம் எதுவும் இன்னும் பறந்திருக்கவில்லை.

மகேஸ்வரன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஒரு மாதம் கழித்து டவுன் ரதவீதியில் ரீபா அவரை எதிரே பார்த்தாள். ஒதுங்கிப் போகப் பார்த்தாள். அவரே நின்றார்.

"நீ நேரா எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்மா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியளா சார்?"

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டு போனார்.

இசக்கியம்மாவிடம் ரீபா மன்னிப்புக் கேட்டாள். எல்லோரும் பார்க்கும்படி, பலகையின் பக்கத்தில் வைத்தே கேட்டாள். "சரிக்கா, விடுங்க" என்றாள் இசக்கியம்மா. அதற்கப்புறம் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ரீபா சோதிக்க வரும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். "நல்லா இழுத்துப் பாருங்க" என்பாள். ரீபா ஒவ்வொரு கம்பியாக இழுத்து, முத்திரை குத்தி, பெட்டிக்குள் போடும்வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வேனில் முன் இருக்கைக்கு மாறிவிட்டாள். சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்ல ரீபாவுக்கு வாய் வரவில்லை.

தை மாதம் இசக்கியம்மாவின் தங்கைக்குக் கல்யாணம். அழைப்பிதழைத் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள், எல்லோருக்கும் பொதுவாக. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று வேதநாயகம் கேட்டார். ரீபா போனாள். நாங்குநேரியில் இறங்கி, மண்டபத்தைத் தேடிப் பிடித்து, மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தாள். புதுப் பட்டுச் சேலையில் வியர்த்து வழிய இசக்கியம்மா இலை இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரீபாவைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள்.

"வயிறு நெறையச் சாப்பிடுங்கக்கா" என்றாள். பக்கத்து இலைக்காரர்களிடமும் அதையே சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.